அவருடைய மேசையில் கை வைக்கும் முன்

மருத்துவமனையில் பத்து நாள் படுத்திருந்துவிட்டு வீடு திரும்பும் ஒருவருக்காக வீட்டார் செய்யும் முதல் வேலை, அவருடைய அறையைச் சுத்தம் செய்வதுதான். ஒட்டடை அடிப்பார்கள், தலையணை உறையை மாற்றுவார்கள். அப்படியே கை அவருடைய மேசைக்கும் நீளும். பல ஆண்டுகளாக யாரையும் தொடவிடாமல் அவர் காத்துவந்த மேசை அது. ரப்பர் பேண்டு போட்ட ரசீதுகள், பழைய டைரிகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், மூடியில்லாத பேனாக்கள், கரண்ட் பில், சென்ற ஆண்டுப் பஞ்சாங்கம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவர் வீட்டில் இல்லாத அந்தப் பத்து நாளும் மனைவிக்கு நல்ல வாய்ப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்போது இருவரும் ஒரே செய்தியை இரு விதமாகச் சொல்வார்கள். “அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கேன் டாக்டர், வந்ததிலிருந்து எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறார்” என்பார் அந்த அம்மா. “என் பொருள் ஒண்ணும் கைக்குக் கிடைக்கலை” என்பார் ஐயா. பொதுமருத்துவப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது வெறும் குடும்பச் சச்சரவாகத் தெரிவதில்லை. வேளை மருந்து தவறுவதும், இரண்டு முறை விழுங்கப்படுவதும், இரவில் தடுக்கி விழுவதும் இப்படிப்பட்ட அன்பான சுத்தத்துக்குப் பின்னால் நடப்பதுண்டு. நோயாளியின் மேசையைச் சுத்தம் செய்யவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தூசியும் எறும்பும் காலாவதியான மாத்திரையும் அங்கே இருக்கக் கூடாதுதான். ஆனால் தூசியைத் துடைப்பது வேறு, இடத்தை மாற்றுவது வேறு.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குவியலாகத் தெரிவது, அதை வைத்தவருக்குக் குவியலன்று. 1983-இல் தாமஸ் மலோன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், அலுவலகப் பணியாளர்கள் தங்கள் மேசையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று நேரில் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். மேசைமேல் கிடக்கும் தாள் இரண்டு வேலை செய்கிறது என்று அவர் கண்டார். தேடும்போது அகப்படுவது ஒன்று. தேடாதபோதும் கண்ணில் பட்டு, செய்யவேண்டிய வேலையை நினைவூட்டுவது மற்றொன்று. இழுப்பறைக்குள் அழகாக அடுக்கியவுடன் இந்த இரண்டாவது வேலை நின்றுபோகிறது. கண்ணாடிக் கூட்டின்மேல் வேண்டுமென்றே வைத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு, “வியாழக்கிழமை வெறும் வயிற்றில் போகவேண்டும்” என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நாம் ஃபைலில் போட்டுவிட்டால் வியாழக்கிழமை வந்து போய்விடும்.

குவியலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காலவரிசையில் தானாக அமைகிறது. இன்று வந்தது மேலே, சென்ற மாதத்தது அதன் கீழே, தீபாவளிக்கு முந்தியது அடியில். மருத்துவராக இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு நோயின் கதையை அறிய எனக்கு வேண்டியது இந்த வரிசைதான். பிள்ளைகள் தாள்களை அளவு பார்த்து, பெரியது தனி, சிறியது தனி என்று பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கொண்டுவருவார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். எந்த ஈசிஜி எந்த டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பின்னால் காத்திருப்பவர்கள் பெருமூச்சு விடத் தொடங்கிவிடுவார்கள். ஐயாவின் கசங்கிய கட்டைப் பை அதைவிட எனக்கு எளிது.

மூளையின் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் இருக்கிறது. எந்தப் பொருளை எங்கே வைத்தோம் என்ற புதிய நினைவைப் பதிப்பதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் இருக்கும் இடத்தை மூளை எப்படி அறிகிறது என்பதை இப்பகுதியிலும் அதை ஒட்டிய பகுதியிலும் ஆராய்ந்து கண்டதற்காகவே ஜான் ஓகீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்டு மோசர் ஆகிய மூவருக்கும் 2014-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களுள் ஹிப்போகாம்பஸும் ஒன்று. அதே நேரத்தில், ஆண்டுக்கணக்காகக் கை பழகிய பழக்கம் பல நாள் நிலைத்திருக்கும். அதனால்தான், காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாத பெரியவர், மேசையின் வலது மூலையில் கண்ணாடியைப் பார்க்காமலேயே எடுத்து மாட்டிக்கொள்கிறார். அந்தக் கண்ணாடியை “பத்திரமான” இடத்துக்கு மாற்றினால், புதிய இடத்தை அவருடைய மூளையால் எளிதில் கற்க இயலாது. அவரிடம் மிஞ்சியிருந்த ஒரு திறனையும் நாமே பறித்தவர்கள் ஆவோம்.

எரிக்கப்படவிருந்த தாள்கள்

ஒருவருடைய தாள்களை அவருக்காக மற்றவர்கள் ஒழிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மவர் ஒருவரின் கதையே சான்று. கணிதமேதை சீனிவாச இராமானுஜன் நம் பகுதிக்குப் புதியவர் அல்லர். 1910-இல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயரிடம் ஒரு வேலை கேட்டு, தம் நோட்டுப் புத்தகங்களோடு வந்தவர் அவர். இங்கிலாந்திலிருந்து 1919-இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். (அன்று காசநோய் என்றார்கள், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது.) கடும் வலியிலும், இறப்பதற்குச் சில நாள் முன்புவரை படுக்கையிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி ஜானகி அம்மாளுக்கு அப்போது 21 வயது. அந்தக் கணிதம் அவருக்குப் புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் கணவர் எழுதிப் போட்ட தாள்களை அவர் குப்பையாக நினைக்கவில்லை, திரட்டி வைத்தார். நோயாளியைப் பேணுவோரில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்.

இராமானுஜன் விட்டுச்சென்ற தாள்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல் இங்கிலாந்தில் பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பியது. கடைசி ஆண்டுத் தாள்கள் பிறகு பர்மிங்காமில் இருந்த கணிதப் பேராசிரியர் ஜி. என். வாட்சனிடம் சேர்ந்தன. வாட்சன் எதையும் எறியாதவர். அவர் 1965-இல் இறந்தபோது ஓர் அறையின் தரை முழுவதும் ஏறத்தாழ ஓரடி உயரத்துக்குத் தாள்கள் கிடந்தன. கட்டிய பில்கள், பல ஆண்டுக்கு முந்திய வருமானவரிக் கணக்கின் கரட்டுப் பிரதி, அவற்றுக்கு நடுவே கணிதம். சில நாளில் எல்லாவற்றையும் எரித்துவிடுவதாக ஏற்பாடு. வாட்சனுக்கு இரங்கற் குறிப்பு எழுதப் பணிக்கப்பட்ட ஜே. எம். விட்டேக்கர், தாள்களைப் பார்க்கலாமா என்று வாட்சனின் மனைவிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அந்த அம்மையார் அவரைப் பகல் உணவுக்கு அழைத்தார். மாடிக்குப் போன விட்டேக்கர் குவியலுக்குள் கைவிட்டு எடுத்தவற்றுள் ஒன்று இராமானுஜனின் கையெழுத்தில் இருந்தது. அந்தத் தாள்கள் 1968-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போயின. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணிதர் அங்கே அவற்றைப் பார்த்து, இன்னதென்று அறிந்து உலகுக்குச் சொன்னார். “தொலைந்த நோட்டுப் புத்தகம்” என்று இன்று கணித உலகம் கொண்டாடுவது அதைத்தான்.

வாட்சனின் மனைவிமேல் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. கணவரை இழந்த ஒருவர் ஓரடி உயரக் குப்பையோடு எத்தனை நாள் வாழ்வார்? கேட்டுவந்தவருக்குக் கதவைத் திறந்தாரே, அது பெரிது. நம் நோயாளிகளின் மேசையில் தொலைந்த கணிதம் இருக்கப்போவதில்லைதான். ஒரு சிட்பண்டு ரசீது, ஓய்வூதியக் கடிதம், பட்டாவின் நகல், ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்த எக்கோ அறிக்கை இருக்கும். எது வேண்டும், எது வேண்டாம் என்று அறிந்தவர் நம் நடுவே உயிரோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்கலாம் அல்லவா?

கேட்டுச் செய்யும் சுத்தம்

அடையாளங்களை மாற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற ஒரு காசாளர், நெஞ்சுவலிக்காரர். நெஞ்சு இறுகினால் நாக்கின் அடியில் வைக்கவேண்டிய மாத்திரைக் குப்பி, அவருடைய மேசைக் கடிகாரத்துக்குப் பின்னால் எப்போதும் இருக்கும். வீட்டுக்கு வந்த மகள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மேசையை ஒழித்து, மாத்திரைகளை எல்லாம் ஒரு வண்ணப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது என்பது அவருடைய நியாயமான எண்ணம். புதன்கிழமை இரவு இரண்டு மணிக்கு வலி வந்தது. இருட்டில் கை கடிகாரத்துக்குப் பின்னால் போயிற்று, ஒன்றும் இல்லை. மனைவி எழுந்து விளக்கைப் போட்டு, பெட்டியைத் தேடி, அதிலிருந்த பதினொரு வகை மாத்திரைகளில் எது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் 108-ஐ அழைத்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அந்த மகளின் அழுகையை அடக்குவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஆகவே, மேசையைத் தொடும் முன் நோயாளியிடம் ஒரே ஒரு கேள்வி: “இதில் எதை நான் நகர்த்தவே கூடாது?” பெரும்பாலும் நான்கைந்து பொருள்களைத்தான் காட்டுவார். அவசர மாத்திரை, இழுக்கும் மருந்து, கண்ணாடி, ஒரு டைரி, ஏதோ ஒரு கவர். அந்தக் கவரில் என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டாம். குழந்தைகள் உள்ள வீடு என்றால் அவசர மாத்திரைக்கு வேறு இடத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இருட்டில் அவருடைய கை அங்கே போகிறதா என்று இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு மாற்றுங்கள். அவரால் பேச இயலாவிட்டால் விரல் காட்டச் சொல்லுங்கள். கேட்டபின் செல்பேசியில் மேசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பிறகு ஒரு குவியலை மட்டும் அப்படியே தூக்கித் தாம்பாளத்தில் வைத்து, அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் அதே வரிசையில் திரும்ப வையுங்கள். அடுத்த குவியல் நாளைக்கு இருக்கட்டும். ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்ற வேகம்தான் எல்லாவற்றையும் கலைக்கிறது.

உடனே அகற்றவேண்டியவை உண்டு: உணவு மிச்சம், காலாவதியான மருந்து, மருத்துவர் நிறுத்திவிட்ட மருந்து. இந்த மூன்றாவதில் கவனம் தேவை. நிறுத்திய மாத்திரை என்று நீங்கள் நினைப்பது வேறொரு கம்பெனிப் பெயரில் தொடர்வதாக இருக்கலாம். இதற்கு நேர்மாறான ஆபத்தை நம் மாவட்டத்தில் அடிக்கடி பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, நல்ல திட்டம். அதே வீட்டில் தனியார் மருத்துவர் எழுதிய சீட்டுக்கும் மாத்திரை வாங்கியிருப்பார்கள். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே மருந்து ஒன்று. மேசையை ஒழிக்கும்போது இரண்டையும் “சர்க்கரை மாத்திரை” என்று ஒரே டப்பாவில் போட்டால் அவர் இரண்டையும் விழுங்குவார். எனவே மேசையில் கிடக்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு மறுபரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிடத்தில் பிரித்துத் தருவோம். மாத்திரை அட்டையைக் கத்தரிக்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் ஓரம்தான் முதலில் வெட்டுப்பட்டுப் போகும். இன்சுலினைச் சுத்தம் என்று எண்ணி ஃப்ரீஸரில் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

நோய்க்கு நோய் இதில் வேறுபாடு உண்டு. மூளையின் வலப்பக்கம் பக்கவாதம் தாக்கிய சிலர் தம் இடப்பக்க உலகத்தையே கவனிப்பதில்லை. தட்டின் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும். இவர்களுக்குத் தண்ணீர், அழைப்பு மணி, மருந்து மூன்றும் வலப்பக்கம் இருக்கவேண்டும். பயிற்சிக்காக எதை இடப்பக்கம் வைக்கலாம் என்பதை இயன்முறை மருத்துவர் சொல்வார். பார்க்கின்சன் நோயாளிக்கு மேசையைவிடத் தரைதான் கவலை. குறுகிய வழியில் அவர்களுடைய கால்கள் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். ஆகவே மேசையடியில் இருக்கும் பழைய செய்தித்தாள் கட்டு, கால்மிதி, செல்பேசி சார்ஜர் ஒயர் ஆகியவற்றில் தயவு காட்டவேண்டாம். பார்வை மங்கியவர் வீட்டில் ஒரு நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு நகர்த்துங்கள்.

மேசையே நோயைச் சொல்லும் நேரமும் உண்டு. எப்போதும் கலைந்த மேசைக்காரருடைய மேசை கலைந்திருந்தால் அதில் செய்தி இல்லை. வரவுசெலவை நாள் தவறாமல் எழுதிவந்தவரின் டைரி மூன்று மாதமாக வெறுமையாக இருக்கிறது, ஒரே கரண்ட் பில்லை இருமுறை கட்டியிருக்கிறார், பிரிக்காத கடிதங்கள் சேர்கின்றன என்றால் அது செய்தி. மறதிநோயின் தொடக்கமாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், பார்வைக் குறைவாகவும் இருக்கலாம். துடைத்து மறைத்துவிட்டால் எங்களுக்கும் தெரியாமல் போகும். எடுத்த படத்தைக் காட்டுங்கள். எதையும் எறிய முடியாமல் படுக்கக்கூட இடமின்றிப் பொருள் சேர்ப்பது தனி நோயாகவே இன்று கருதப்படுகிறது. அங்கே வீட்டாரே திடீரென்று எல்லாவற்றையும் அள்ளி எறிவது நோயாளியை மேலும் கலங்கச் செய்யும். மனநல மருத்துவரின் துணை வேண்டும்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலிலும், 2015 மழைவெள்ளத்திலும் மருத்துவத் தாள்களைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஐப்பசி பிறக்கும் முன்பாக, நோயாளியின் சம்மதத்தோடு, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார் நகல் ஆகியவற்றைப் படம் எடுத்து மகன் அல்லது மகளுக்கு அனுப்பிவிட்டு, தாள்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். மற்ற தாள்கள் அவருடைய குவியலிலேயே இருக்கட்டும்.

இதுவரை எழுதியதில் கணவர் நோயாளி, மனைவி பேணுபவர் என்றே வந்துவிட்டது. மாறியும் நடக்கும். அப்போது மேசையின் இடத்தில் அடுக்களை இருக்கும். பக்கவாதத்திலிருந்து தேறி வீடு திரும்பும் ஒரு பெண்மணிக்கு, நாற்பது ஆண்டாக அவர் ஆண்டுவந்த அடுக்களையைக் கணவரும் மருமகளும் புது டப்பாக்களோடு மாற்றி வைத்திருப்பார்கள். காப்பிப்பொடி எங்கே என்று தம் சொந்த வீட்டில் அவர் கேட்டு நிற்கவேண்டியிருக்கும். பழகிய வேலையைப் பழகிய இடத்தில் மீண்டும் செய்வது, பலம் குறைந்த கைக்கு நல்ல பயிற்சி; காப்பி கலப்பதை நாங்கள் பயிற்சியாகவே சொல்லி அனுப்புகிறோம். அடுப்பருகே யாராவது உடனிருக்கவேண்டும், கேஸ் ரெகுலேட்டரை வேலை முடிந்ததும் மூடவேண்டும், கனமான குக்கரை மேல்தட்டிலிருந்து இறக்கி இடுப்புயரத்தில் வைக்கவேண்டும். அந்த மாற்றங்கள் போதும். அஞ்சறைப் பெட்டியில் எந்தக் கிண்ணத்தில் கடுகு, எந்தக் கிண்ணத்தில் வெந்தயம் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். கழுவிக் காயவைக்கும்போது வரிசையைப் பார்த்துவைத்துக்கொண்டு அப்படியே நிரப்புங்கள்.